பதினைந்தாவது மட்டை

ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறு நாற்பதுக்கு மட்டைகளை எண்ணினேன். பதினாலு. கொப்பியில் எழுதி, கீழே அடிமட்டத்தால் கோடும் போட்டேன்: மட்டை 14, பந்து 9, கையுறை 2, துவாய் 2, குடை 1. கோல்ஃப் ஆட்டத்தில் ஒருவர் பையில் பதினாலு மட்டைகளுக்கு மேல் கொண்டு போகக் கூடாது. அது விதி. குறையலாம், கூட முடியாது.

பை என்னுடையதல்ல. மோர்னிங்சைட்டில் நாங்கள் இருந்த தொடர்மாடியில் எனக்கு இரண்டு மாடி கீழே குடியிருந்த நண்பருடையது. எனக்கு அப்போது நாற்பத்தேழு வயது, அவருக்கு நாற்பத்தொன்று. நான் நகரசபைக் கந்தோரில் வரைபடம் வரைபவன். அவர் மிசிசாகாவில் விமான உதிரிப்பாகப் பட்டறை ஒன்றில் மேற்பார்வையாளர். இலங்கையில் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் எஞ்சினைக் கவனித்துக்கொண்டிருந்தபோது, தோட்டத்துரைமார் விளையாடாத நாட்களில் அவர்களுடைய ஒன்பது குழி மைதானத்தில் இறங்கிப் பழகியவர். நான் என் வாழ்நாளில் ஒரு பந்தைக்கூட நேராக அடித்ததில்லை. ஆனால் எண்ணவும் அளக்கவும் எழுதவும் தெரியும். அதனால்தான் அவருடைய பையைச் சுமக்கும் வேலை எனக்குக் கிடைத்தது.

அந்த ஆண்டு நாங்கள் குடியேறிய நாட்டின் பெரிய கோல்ஃப் போட்டியான ஓப்பன் எங்கள் ஊருக்குப் பக்கத்தில் நடக்கப்போகிறதென்று பனிக்காலத்தின் கடைசியில் பத்திரிகையில் வந்தது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு நண்பர் மேலே ஏறி வந்தார்.

"அண்ணை, ஓப்பன் எண்டால் திறந்தது. ஆருக்குத் திறந்து வைச்சிருக்கினம்?"

"எழுதிக் கேப்பம்," என்றேன்.

எழுதிக் கேட்டேன். பதினொரு நாளில் பதில் வந்தது. தொழில்முறை ஆட்டக்காரர் எவரும் விண்ணப்பிக்கலாம். அமெச்சூர், அதாவது காசுக்கு ஆடாதவரும் விண்ணப்பிக்கலாம், ஆனால் அவருடைய ஹாண்டிகாப் இரண்டு அல்லது அதற்குக் கீழே இருக்க வேண்டும். மைதானத்துக்கு நியமித்த அடிகளைவிடச் சராசரியாக ஒன்றிரண்டு அடிதான் கூட எடுப்பவர் என்று அதற்குப் பொருள் சொல்லலாம். அவர் ஆடும் கழகத்தின் செயலாளர் கையொப்பமிட்டு அதை உறுதிப்படுத்த வேண்டும். அதன் பிறகு ஆனி மாதத்தில் ஒரு தகுதிச் சுற்று. அதில் தேறியவர்களுக்கு, ஓப்பன் நடக்கும் அதே கிழமைத் திங்கட்கிழமை, கடைசித் தகுதிச் சுற்று. அதிலும் தேறினால் வியாழக்கிழமை காலையில், தொலைக்காட்சியில் மட்டும் நாங்கள் பார்த்த பெரிய ஆட்டக்காரர்களோடு ஒரே புல்லில் நிற்கலாம்.

கடிதத்தை நான் இரண்டு தரம் வாசித்துக் காட்டினேன். மூன்றாம் தரம் அவரே வாங்கி வாசித்தார்.

"என்ரை ஹாண்டிகாப் எவ்வளவண்ணை?"

"இரண்டு."

"சரியா இரண்டோ?"

"சரியா இரண்டு, ஐசே. ஒரு அடி கூடினாலும் வாசலிலையே நிப்பாட்டிப் போடுவாங்கள்."

மே மாதத்தில் அது ஒருமுறை மூன்றுக்கு ஏறியது. அந்த இரண்டு கிழமையும் அவருடைய வீட்டில் யாரும் உரத்துப் பேசவில்லை. மறுபடி இரண்டுக்கு இறங்கிய அன்று பின்னேரமே செயலாளரிடம் கையொப்பம் வாங்கி, தபாற்கந்தோர் பூட்டுவதற்கு ஏழு நிமிடம் இருக்கும்போது பதிவுத் தபாலில் போட்டோம்.

பயிற்சி பனிக்காலத்திலேயே தொடங்கிவிட்டது. நிலத்தடிக் கார்த் தரிப்பிடத்தில் பழைய கம்பளம் ஒன்றைத் தொங்கவிட்டு அதற்குள் பந்தை அடிப்பார். கட்டிடக் காவலாளி வந்து ஏசும்வரை அடிப்பார். பிறகு மேலே வந்து, மாடி நடைபாதையில் தண்ணீர் குடிக்கும் மூக்குப்பேணியை, மூக்கு வைத்த பித்தளைக் குவளையை, சரித்து வைத்து, அதற்குள் பந்தை உருட்டுவார். உருட்டுவதற்கென்று இரண்டு மட்டைகள் இருந்தன. ஒன்று மலைநாட்டிலிருந்து உடுத்தும் சாரத்தில் சுற்றிக் கொண்டுவந்த பழையது, பித்தளைத் தலை, கைப்பிடித் தோல் தேய்ந்தது. மற்றது அந்த இளவேனிலில் வாங்கிய புதியது. புதியது வந்ததும் பழையது சாமித்தட்டுக்குப் பக்கத்தில் போய் நின்றது. முந்தின வருடச் சரஸ்வதி பூசைக்கு அவருடைய மனைவி அதை ஏட்டோடும் திருகாணிச் சாவியோடும் வைத்துத் திருநீறு பூசியிருந்தார். பூசை முடிந்தும் அதற்கு அங்கே ஓர் இடம் இருந்தது.

ஆனிச் சுற்றில் அவர் இலகுவாகத் தேறினார். அதைப் பற்றி என் நாட்குறிப்பில் அரைப் பக்கம்தான் இருக்கிறது. திங்கட்கிழமைக்குப் பதினொரு பக்கம்.

கடைசிச் சுற்று நடந்த மைதானம் நகரத்துக்கு வடக்கே. முதல் நாள் ஞாயிறு காலையில் நான் தனியாகப் போய் அதை முழுதாக நடந்து அளந்தேன். எந்த மரத்திலிருந்து எந்தக் குழிக்கு எத்தனை யார், அதாவது கெஜம், என்று பதினெட்டுக் குழிக்கும் கொப்பியில் வரைந்தேன். மாலையில் மட்டைகளை எண்ணினேன். அதை முன்னமே சொல்லிவிட்டேன்.

திங்கள் காலை ஐந்து பத்துக்குப் புறப்பட்டோம். பதினெட்டுப் பாகை செல்சியஸ், பழைய கணக்கில் அறுபத்துநாலு. மெல்லிய தென்மேல் காற்று. நான் காரை நிலத்தடியிலிருந்து மேலே கொண்டுவந்தபோது, நண்பரும் மனைவியும் பையோடு வாசலில் நின்றார்கள். மனைவி வேலைக்கு விடுமுறை எடுத்திருந்தார். மாம்பழ நிறச் சேலை, காலில் வெள்ளைக் கன்வஸ் சப்பாத்து.

"அண்ணை, பை சரிதானே?" என்றார் நண்பர்.

நான் கொப்பியைத் திறந்து பார்த்தேன். பையைத் திறந்து பார்க்கவில்லை.

"பதினாலு. எழுதியிருக்கு," என்றேன்.

நூற்றுப்பத்துப் பேர், எட்டு இடம். இருவர் இருவராக அனுப்பினார்கள். எங்களோடு வந்தவர் சிவப்புக் காற்சட்டை போட்ட தொழில்முறை ஆட்டக்காரர். வாய் நிறையச் சூயிங்கம், கை நிறைய மயிர், நல்ல மனிதர். ஒருவரின் அடிகளை மற்றவர் அட்டையில் குறிப்பது வழக்கம். நண்பரின் அட்டை சிவப்புக் காற்சட்டையிடம், அவருடையது நண்பரிடம்.

முதற்குழி நாலு அடிக்குரியது. நண்பரின் முதலடி குழிக்குப் போகும் புல்பாதையின் நடுவே விழுந்தது. இரண்டாவது அடி, குழியைச் சுற்றி வழுவழுப்பாக வெட்டிய புல்தரையில், கிரீன் என்பார்கள், ஏறி நின்றது. எனக்கு மூச்சு வந்தது. அவர் கையை நீட்டினார். நான் உருட்டும் மட்டையை எடுக்கப் பைக்குள் கையை விட்டேன்.

என் கையில் இரண்டு உருட்டும் மட்டைகள் அகப்பட்டன.

ஒன்றை வெளியே எடுத்தேன். பித்தளைத் தலை. அதில் காய்ந்த திருநீறு.

உள்ளே எண்ணினேன். மறுபடி எண்ணினேன். இரண்டு தரமும் பதினைந்து. சிவப்புக் காற்சட்டை இருபது அடி தள்ளித் தன் பந்தைப் பார்த்துக் குந்தியிருந்தார். வேறு யாரும் பக்கத்தில் இல்லை. நண்பர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு கிட்ட வந்தார்.

"என்னண்ணை?"

"பதினைஞ்சு."

"என்ன பதினைஞ்சு?"

நான் பித்தளைத் தலையைக் காட்டினேன். அவர் அதைப் பார்த்தார். பிறகு கயிற்றுக்கு வெளியே, மாம்பழச் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு நின்ற மனைவியைப் பார்த்தார். அவர் அங்கிருந்து கையைக் காட்டிச் சிரித்தார்.

ஒரு நொடிகூட ஆகவில்லை. நண்பர் திரும்பிச் சிவப்புக் காற்சட்டையிடம் நடந்து போனார். "என்னிடம் பதினைந்து மட்டைகள் இருக்கின்றன," என்று ஆங்கிலத்தில் சொன்னார். அவர் சூயிங்கத்தை மெல்லுவதை நிறுத்தினார். சிறு வண்டியில் நடுவர் வந்தார். மீறிய குழிக்கு இரண்டு அடி தண்டம், முதற்குழியிலேயே கண்டுபிடித்துச் சொன்னதால் அதோடு போயிற்று, மிகையான மட்டையை இந்தச் சுற்று முடியும்வரை தொடக்கூடாது என்றார். நண்பர் இரண்டு தரம் உருட்டிப் பந்தைக் குழியில் போட்டார். நாலு அடி. சிவப்புக் காற்சட்டை அட்டையில் ஆறு என்று எழுதினார். எழுதும்போது என்னைப் பார்க்காமல் எழுதினார், அது அவருடைய பண்பு.

நான் பழைய மட்டையைக் கொண்டுபோய் மனைவியிடம் கொடுத்தேன்.

"இதை ஏன் என்னட்டைத் தாறீங்கள்? அவருக்குத் தேவைப்படுமெல்லே?"

"தங்கச்சி, இது எப்பிடிப் பைக்குள்ளை வந்தது?"

"நான்தான் வைச்சனான். நீங்கள் கார் எடுக்கப் போகேக்கை. சாமியட்டை நிண்ட பொல்லு, இண்டைக்குக் கூடப் போகட்டுமெண்டு." அவர் என் முகத்தைப் பார்த்தார். "ஏன் அண்ணை? ஒரு பொல்லு கூடினால் என்ன?"

சொன்னேன். சிரிப்பு நின்றது. பொல்லை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டார். அதற்குப் பிறகு பதினேழு குழிக்கும், எங்களுக்கு நூறு யார் பின்னால், மாம்பழ நிறப் புள்ளி ஒன்று அப்படியே வந்துகொண்டிருந்தது.

இரண்டாம் குழிக்கு நடக்கும்போது நான் சொன்னேன்: "பிழை தங்கச்சியிலை இல்லை. நான் எண்ணியிருக்க வேணும்."

"எண்ணினனீங்கள்தானே," என்றார் நண்பர்.

"நேற்று."

"ஓம், நேற்று." அவர் சிரித்தே விட்டார். "இனி உந்தக் கொப்பியை நம்பி நான் கிணத்துக்குள்ளை இறங்கமாட்டன் அண்ணை. சரி, விடுங்கோ. இரண்டடி. இன்னும் பதினேழு குழி கிடக்கு."

அவர் சிரித்தது எனக்கு எப்படி இருந்ததென்று எழுத முடியவில்லை. பையைத் தூக்கித் தோளில் போட்டேன். பாரமே தெரியவில்லை.

நாலாம் குழியில் ஓரடி மிச்சம் பிடித்தார். ஏழாவதில் புதிய மட்டை காலை வாரியது, மூன்று தரம் உருட்டி ஓரடி இழந்தார். முதல் ஒன்பது குழிக்கும் முப்பத்தெட்டு, நியமித்ததைவிட இரண்டு கூட. பன்னிரண்டாவதிலும் மூன்று உருட்டல். "உது கையிலை நிக்குதில்லை அண்ணை, மீன் மாதிரி வழுக்குது," என்றார். பதினைந்தாவதில் மணற்குழிக்கு மேலால் அடித்த பந்து கொடிக் கம்புக்கு இரண்டு சாண் தள்ளி நின்றது. போன அடி திரும்பி வந்தது. பதினெட்டாம் கிரீனை விட்டு இறங்கியபோது எழுபத்துமூன்று. மைதானத்துக்கு நியமித்தது எழுபத்தொன்று. சிவப்புக் காற்சட்டைக்கும் எழுபத்துமூன்று.

இந்தத் தடவை அட்டையை ஒவ்வொரு குழியாக விரல் வைத்துப் பார்த்த பிறகே நண்பரைக் கையொப்பமிட விட்டேன். முதற்குழிக்கு நேரே இருந்த ஆறு என் விரலைச் சுட்டது.

பிறகு காத்திருப்பு. பெரிய வெள்ளைப் பலகையில் ஏணி வைத்து ஒருவர் எண்களை எழுதிக்கொண்டிருந்தார். இரண்டு மணி இருபது நிமிடம் நின்றோம். மனைவி இடியப்பப் பார்சலைத் திறந்தார், யாரும் தொடவில்லை. கடைசிச் சோடி உள்ளே வந்தபோது, எழுபத்திரண்டும் அதற்குக் குறைவும் எடுத்தவர்கள் ஏழு பேர். எழுபத்துமூன்று எடுத்தவர்கள் இரண்டு பேர். ஒரே ஓர் இடம்.

அந்த இரண்டு அடியும் இல்லாவிட்டால் எழுபத்தொன்று. மூவரும் அதைத்தான் நினைத்தோம்.

சமநிலையை முறிக்க இருவரும் முதற்குழியிலிருந்து மறுபடி ஆட வேண்டும், ஒரு குழியில் ஒருவர் முந்தினால் அதோடு முடிவு. பத்து நிமிடம் தந்தார்கள். நண்பர் துவாயால் முகத்தைத் துடைத்துக்கொண்டு திடீரென்று நிமிர்ந்தார்.

"அண்ணை, இது பழைய சுற்றின்ரை மிச்சமோ, புதுச் சுற்றோ?"

விதிப் புத்தகம் என் சட்டைப்பையில் இருந்தது. ஆனால் அன்று எழுதியதை மட்டும் நம்பும் நிலையில் நான் இல்லை. ஓடினேன். நடுவரிடம் நேரே கேட்டேன். அவர் இன்னொருவரிடம் கேட்டார். புதுச் சுற்று என்று இருவரும் தலையாட்டினார்கள். அப்படியானால் பையில் எந்தப் பதினாலு என்பதைப் புதிதாகத் தீர்மானிக்கலாமா? தாராளமாக. ஓடித் திரும்பினேன். நாற்பத்தேழு வயதில் அவ்வளவு வேகமாக ஓடுவேனென்று எனக்கே தெரியாது.

நண்பர் புதிய மட்டையைப் பையிலிருந்து உருவி மனைவியிடம் நீட்டினார். "இதைப் பிடியும். அதைத் தாரும்."

அவர் கொடுக்கவில்லை. "வேண்டாமப்பா. இதாலை பட்டது போதும்."

"தாருமன். இதாலைதான் நான் பழகினனான்."

"நான் தொட்டால் பிழைக்குது. நீங்களே எடுங்கோ."

கையை விரித்துப் பிடித்தார். நண்பர் எடுத்தார். நான் மட்டைகளை எல்லாம் புல்லில் பரப்பி ஒவ்வொன்றாகப் பைக்குள் போட்டு உரத்து எண்ணினேன். தமிழில் எண்ணினேன். சிவப்புக் காற்சட்டை பக்கத்தில் வந்து நின்றார்.

"எத்தனை?" என்றார்.

"பதினாலு. வேண்டுமானால் நீங்களும் எண்ணுங்கள்," என்றேன்.

அவர் குனிந்து உண்மையாகவே எண்ணினார். பிறகு தன் பையையும் திறந்து எண்ணினார். அதைப் பார்த்துச் சுற்றி நின்ற இருபது முப்பது பேரும் சிரித்தார்கள். மனைவியும் சிரித்தார், காலைக்குப் பிறகு முதல் தரம்.

முதற்குழியில் இருவருக்கும் நாலு. நண்பருக்கு ஐந்தடி தூரத்தில் பந்து மிஞ்சியிருந்தது. பித்தளைத் தலை மெல்லத் தட்டியது, பந்து நடுக்குழியில் விழுந்தது. மூக்குப்பேணிக்குள் விழுவதுபோல ஒரு சின்னச் சத்தம்.

இரண்டாம் குழியும் நாலு அடிக்குரியது. சிவப்புக் காற்சட்டையின் இரண்டாவது அடி வலப்பக்க மணற்குழிக்குள் போனது. எங்கள் பந்து பாதையின் இடது ஓரத்தில், பெரிய மேப்பிள் மரத்துக்குச் சற்றுப் பின்னால் கிடந்தது.

"எவ்வளவு?" என்றார் நண்பர்.

நான் கொப்பியை எடுத்தேன். "மரத்திலையிருந்து குழிக்கு நூற்று நாப்பத்தாறு."

அவர் என்னைப் பார்த்தார். கண்ணில் குறும்பு. "காலமையும் உது பதினாலெண்டுதானே சொன்னது?"

கொப்பியை மூடினேன். பையை இறக்கிவைத்துவிட்டுப் பந்திலிருந்து மரத்துக்கு நடந்தேன். நாலு. மரத்திலிருந்து கிரீனின் முன்விளிம்பு வரை ஒவ்வோர் எட்டாக, ஒரு யாருக்கு ஓர் எட்டு, எண்ணிக்கொண்டு போனேன். விளிம்பிலிருந்து கொடி நின்ற இடத்தைக் கண்ணால் அளந்தேன். எல்லாரும் காத்திருந்தார்கள். நடுவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஓட்டமும் நடையுமாகத் திரும்பி வந்தேன். மூச்சு வாங்கியது.

"கொடி முன்னுக்கு வந்திட்டுது ஐசே. நேற்று நடுவிலை நிண்டது. காலமை இருந்த நிலையிலை நான் கவனிக்கேல்லை. மரத்திலையிருந்து நூற்று முப்பத்தெட்டு. பந்திலையிருந்து நூற்று நாப்பத்திரண்டு."

கொப்பியை நம்பி அடித்திருந்தால் பந்து கொடியைத் தாண்டி எட்டு யார் கூடப் போய் விழுந்து, அங்கிருந்து பின்சரிவுக்கு உருண்டிருக்கும். நண்பர் அதைவிடத் தூரம் குறைவாகப் போகும் மட்டையை எடுத்தார். சத்தம் கேட்டபோதே தெரிந்தது. பந்து உயர்ந்து, காற்றில் ஒரு கணம் நின்று, கொடிக்கு முப்பதடி முன்னால் விழுந்து அங்கேயே அடங்கியது.

சிவப்புக் காற்சட்டை மணலிலிருந்து பந்தை அடித்துக் கிரீனில் ஏற்றினார். ஆனால் இரண்டு உருட்டல். ஐந்து. எங்களுக்கு இப்போது இரண்டு உருட்டல் போதும். முதல் உருட்டல் நாலடி குறைவாக நின்றது. நண்பர் பந்துக்குப் பின்னால் குந்தவில்லை, சுற்றி நடக்கவில்லை, அன்று எல்லோரும் செய்த எதையும் செய்யவில்லை. தொடர்மாடி நடைபாதையில் நிற்பதுபோல நின்றார். தட்டினார்.

பந்து குழியின் இடது உதட்டில் ஏறியது. நான் எண்ணத் தொடங்கினேன், ஏனென்று தெரியாது. இரண்டு எண்ணுவதற்குள் உள்ளே போய்விட்டது.

நான் கத்தினேனாம். மனைவி சொல்லித்தான் தெரியும். சிவப்புக் காற்சட்டை முதலில் வந்து நண்பரின் கையைக் குலுக்கினார், பிறகு என் கையை, பிறகு அந்தப் பித்தளைத் தலையைத் தொட்டுப் பார்த்தார். தொட்ட விரலில் ஒட்டிய சாம்பல் நிறப் பொடியைப் பார்த்தார். என்னவென்று கேட்டார். மனைவி ஆங்கிலத்தில் விளக்கத் தொடங்கினார். அது கார் நிறுத்துமிடம் வரை போயிற்று.

பலகையில் ஏணிக்காரர் எட்டாவது பெயரை எழுதினார். பெயருக்குப் பக்கத்தில், அமெச்சூர் என்பதற்கு அடையாளமாக, ஒரு சின்ன எழுத்து. எட்டுப் பேரில் அந்த எழுத்து ஒருவருக்குத்தான் இருந்தது. நண்பர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். "அண்ணை," என்றார், "திறந்துதான் வைச்சிருந்திருக்கினம்."

பிறகு எல்லாரும் அந்த இடியப்பத்தைச் சாப்பிட்டோம், குளிர்ந்து போயிருந்தது.

வியாழக்கிழமை காலை ஏழு இருபத்துநாலுக்கு அவருடைய முறை. கயிற்றுக்கு அப்பால் இவ்வளவு சனத்தை நான் ஒருசேரப் பார்த்ததில்லை. இரண்டு நாளில் பின்தங்கியவர்களைக் கழித்துவிடும் வெள்ளிக்கிழமையோடு அவருடைய ஓப்பன் முடிந்தது, அது எங்களுக்கு முன்னமே தெரிந்ததுதான். ஆனால் அந்த வியாழன் காலையில், முதலடிக்கு அவருடைய பெயரைக் கூப்பிடப் போகும் நேரம், மனைவி கயிற்றைத் தூக்கிக்கொண்டு நேரே எங்களிடம் வந்துவிட்டார். காவலர் ஒருவர் பின்னால் ஓடிவந்தார்.

"புதுப் பொல்லு வீட்டிலை, சாமித்தட்டிலை நிக்குது. நான் பாத்திட்டுத்தான் வந்தனான்," என்றார். "எண்டாலும் எண்ணுங்கோ அண்ணை."

"எண்ணீட்டன் தங்கச்சி. காரிலையே மூண்டு தரம்."

"எழுதினதைச் சொல்லாதேங்கோ. எனக்கு முன்னாலை எண்ணுங்கோ."

காவலர் நின்றார். நாங்கள் மூவரும் பைக்கு மேலே குனிந்தோம். ஒன்று, இரண்டு என்று தொடங்கினேன். பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள், சனம் கைதட்டத் தொடங்கிவிட்டது. நண்பர் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு, நான் பதினாலு சொல்லும்வரை நகராமல் நின்றார்.